இருபத்திரண்டாவது கேள்வி

வேலிக்கு வெளியே தொங்கிய பலகையில், விடுதியில் பழுதுபார்ப்பு வேலை நடக்கிறது என்று எழுதியிருந்தது. உள்ளே எதுவும் பழுதாகியிருக்கவில்லை. தென்கொரியாவின் காங்வொன் மலைகளுக்கு நடுவே கோடையில் குடும்பங்கள் வந்து தங்கிப்போகும் கட்டடம் அது. இப்போது அதற்குள் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குக் கேள்வி எழுதுகிறவர்களும், எழுதியதைச் சரிபார்க்கிற ஆசிரியர்களும், சமையல்காரர்களும், காவலர்களும் அடைந்து கிடந்தார்கள். தேர்வு நாளன்று கடைசித் தாள் மாணவர்கள் கைக்குப் போய்ச் சேரும்வரை ஒருவரும் வெளியே கால் வைக்க முடியாது. கைப்பேசி கிடையாது. கடிதம் கிடையாது. குப்பைகூட அதுவரை உள்ளேயேதான் கிடக்கும். ஒரு மதியம் இயற்பியல்காரர்கள் உதைத்த பந்து வேலியைத் தாண்டப் பார்த்துக் கம்பியில் சிக்கிக்கொண்டது. காவலர் அதை இறக்கி, தையலை விரலால் தடவிப் பார்த்தார். திருப்தியாகவில்லை. கத்தியால் கிழித்து உள்ளேயும் பார்த்தார். அதோடு ஆட்டம் நின்றுபோனது.

யூரானுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளக்கூடிய விஷயமில்லை அது. மற்றவர்கள் சாப்பாட்டு மேசையில் பெருமூச்சு விட்டார்கள், பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள். அவளோ ஆன்தொங் என்ற சிறு நகரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. விவாகரத்தாகி, இரண்டு அறை வீட்டில் தனியாக இருப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் குளிர்பெட்டி ஓடும் சத்தமும் அது நிற்கும் சத்தமும்தான் கேட்கும். இங்கே எல்லோருமே தனியாக இருந்தார்கள். அதனால் அவளுடைய தனிமை கண்ணில் படவில்லை. எல்லோரும் கறுப்புக் கோட்டுப் போட்ட கூட்டத்தில் இன்னொரு கறுப்புக் கோட்டு மாதிரி அவள் அதற்குள் கலந்துவிட்டிருந்தாள்.

அவளுடைய வேலை, சுருக்கமாகச் சொன்னால், பதினெட்டு வயதாவது. கேள்வி எழுதியவர் வைத்திருக்கும் விடையைப் பார்க்காமல், வெறும் தாளில், பள்ளியில் கற்றுக்கொடுத்த வழியில் மட்டும் ஒவ்வொரு படியாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். ஆசிரியர்களின் கையில் ஊறிப்போன குறுக்குவழிகள் இங்கே குற்றம். குறுக்கே போகிறவன் கண்ணில் குழி படாது. எந்தப் படியில் பிள்ளை திகைத்து நிற்கும், எந்தப் படியில் வேறு பக்கம் திரும்பிவிடும் என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். பக்கத்தில் உட்காரும் ஹேரிம் டீச்சருக்கு அது வரவே வராது. தெற்கே மொக்போ துறைமுகத்து ஊர்க்காரி, வாயும் கையும் ஒன்றாக ஓடும். "அக்கா, விடை கண்ணு முன்னால நின்னுக்கிட்டு கை ஆட்டுது. அதைப் பாக்காத மாதிரி நடிக்கச் சொன்னா எப்படி?" என்பாள். யூரானுக்கு அது எளிது. பார்க்காத மாதிரி இருப்பது அவளுக்குப் பழகியிருந்தது.

அன்று காலை அவளிடம் வந்தது இருபத்திரண்டாவது கேள்வி. தாளிலேயே கடினமானது வழக்கமாக அந்த எண்ணில்தான் வரும். பாதிப் பிள்ளைகள் அதைப் படித்துப் பார்க்காமலே விட்டுவிடுவார்கள்.

ஒரு மூன்றாம் படிச் சார்பு. அதன் முதல் கெழு ஒன்று. வளைவின் மேல் P என்று ஒரு புள்ளி. அங்கே வரைந்த தொடுகோடு வளைவைத் தொட்டுவிட்டு விலகிப் போய், வேறோர் இடத்தில் அதை மறுபடி வெட்டுகிறது. அந்த இடம் Q. Q-வில் இன்னொரு தொடுகோடு. அது மறுபடி வெட்டும் இடம் R. P-யில் x ஒன்று, அங்கே சாய்வு பூஜ்யம். R-இல் x கழித்தல் இரண்டு. x பூஜ்யமானால் சார்பின் மதிப்பு மூன்று. x ஐந்தானால் என்ன மதிப்பு?

நல்ல கேள்வி என்று முதலில் தோன்றியது. பென்சிலைச் சீவிக்கொண்டாள். Q-வில் x என்னவென்று தெரியாது, அதை q என்று வைத்துக்கொள். வளைவிலிருந்து முதல் கோட்டைக் கழி. P-யில் தொடுவதால் அங்கே மூலம் இரண்டு தடவை வரும். Q-வில் வெட்டுவதால் ஒரு தடவை. மூன்று மூலங்களின் கூட்டுத்தொகை ஒன்று, ஒன்று, q. ஆக இரண்டும் q-வும். இரண்டாவது கோட்டைக் கழித்தால் q, q, கழித்தல் இரண்டு. இந்த இரண்டு கூட்டுத்தொகைகளும் ஒன்றேதான். ஏனென்றால் மூலங்களின் கூட்டுத்தொகையைத் தீர்மானிப்பது x² உறுப்பு; கோட்டில் x² கிடையாது.

பிள்ளைகள் திகைத்து நிற்கப்போவது இங்கேதான். அவள் ஓரத்தில் எழுதினாள்: கோட்டைக் கழித்தாலும் x²-க்கு ஒன்றும் ஆகாது. இதை நம்பு.

பென்சில் நின்றுவிட்டது.

'இதை நம்பு' என்று சரிபார்ப்புத் தாளில் யாரும் எழுதுவதில்லை. அவளும் எழுதியதில்லை. ஒரே ஒரு தடவை எழுதியிருக்கிறாள், வேறு ஒரு தாளில், செப்டம்பர் மாதத்தில்.

மீதியை முடித்தாள், கை தானாகவே போனது. q நான்கு. கூட்டுத்தொகை ஆறு. வகையிட்டு P-யில் பூஜ்யமாக்கினால் x-இன் கெழு ஒன்பது. ஐந்தில் மதிப்பு இருபத்துமூன்று. விடையைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

அவளுடைய மகன் ஜுனோவுக்கு இருபது வயது. பிரிந்தபோது அவன் நடுநிலைப் பள்ளியில் இருந்தான். யாரோடு போகிறாய் என்று கேட்டதற்கு அப்பாவோடு என்றான். ஏன் என்று கேட்டதற்கு, "அம்மாவோட இருந்தா எப்பவும் பரீட்சை ஹால்ல உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு," என்றான். கோபமே இல்லாமல் சொன்னான், தட்பவெப்பம் சொல்வதுபோல. விடை சரியாக இருந்தாலும் படி ஒன்று விட்டிருந்தால் அழிப்பானால் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னவள் அவள்தான். அப்பாவோடு பூசானுக்குப் போனவன், பிறகு பிடிக்காத ஒரு கல்லூரியில் பிடிக்காத பாடத்தில் சேர்ந்தான். சந்திரப் புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்து, அவள் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து. மற்றபடி ஒன்றும் வராது.

செப்டம்பரில் ஒருநாள் ஒரு புகைப்படம் வந்தது. ஒரு கணக்கு. கீழே ஒரு வரி: அம்மா, இது எப்படி?

பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி அதை அவள் எத்தனை முறை பார்த்தாளோ. வீட்டுக்கு ஓடிப்போய், கோட்டைக்கூடக் கழற்றாமல், நான்கு பக்கங்களுக்கு ஒவ்வொரு படியாக எழுதினாள். இந்த முறை அழிப்பானைத் தொடவில்லை. எங்கே அவன் சலித்துக்கொள்வான், எங்கே சந்தேகப்படுவான் என்று பார்த்துப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல எழுதினாள். படம் எடுத்து அனுப்பினாள். 'ஓகே, தேங்க்ஸ்' என்று பதில் வந்தது. தலை குனிந்து வணங்கும் ஒரு கரடிப் படமும்.

அந்தக் கணக்கிலும் P, Q, R. தொடுகோடு, மறுபடி தொடுகோடு. தாளின் தலைப்பில் தலைநகர் ஸோலில் உள்ள ஒரு பயிற்சி மையத்தின் முத்திரை மங்கலாகத் தெரிந்தது. கடையில் விற்காத, பணம் கட்டியவர்களுக்கு மட்டும் தபாலில் போகிற தாள். எண்கள் வேறு. எலும்பு இதேதான்.

இருபது வயதுக் கல்லூரி மாணவனுக்கு இந்தத் தாள் எதற்கு? அப்போதே அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது. யாராவது பள்ளிப் பிள்ளைக்கு டியூஷன் எடுப்பானாக இருக்கும் என்று தனக்கே பதில் சொல்லிக்கொண்டாள். அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் இனி அனுப்ப மாட்டானோ என்ற பயம். சில நாளில் இந்த வேலைக்கான அழைப்பு வந்தது. 'இந்த ஆண்டு தேர்வு எழுதும் பிள்ளைகள் உண்டா' என்ற இடத்தில் இல்லை என்று குறித்துக் கையெழுத்துப் போட்டாள். மகனிடம், ஆஸ்திரேலியாவில் பயிற்சி, ஒரு மாதம் ஃபோன் எடுக்காது என்றாள். இந்த வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் சொல்கிற வழக்கமான பொய் அது. இருவரும் ஒருவருக்கொருவர் ஒன்றை மறைத்துவிட்டு மரியாதையாக விடைபெற்றிருக்கிறார்கள். இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹேரிம் அவளை வேலியோரம் நடக்கக் கூட்டிக்கொண்டு போனாள். மலையில் ஊசியிலை மரங்கள் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்தன.

"வெளிய போனதும் மொதல்ல என்ன பண்ணுவீங்க அக்கா?"

"தூங்குவேன்."

"நான் எம் பொண்ணோட சண்டை போடுவேன். இத்தனை நாள் சண்டை பாக்கி நிக்குது. வட்டியோட போடணும்." கொஞ்ச தூரம் நடந்தாள். "அந்த இருபத்திரண்டு எனக்கும் குடுத்தாங்க. சுத்தமா இருக்கு, இல்ல? ஹாம் ப்ரொஃபசர் ஆளு பாக்கப் பூனை மாதிரி இருந்தாலும் கேள்வி போடறதுல புலிதான்."

"புத்தகங்களோட ஒப்பிட்டாச்சா?"

"காலையிலேயே முடிஞ்சுது. கடைல விக்கற ஒன்னுலயும் இல்லையாம். சாயங்காலக் கூட்டம் முடிஞ்சா நேரா அச்சுக்குப் போகுது." நின்று அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏன் அக்கா, எங்கயாவது இடிக்குதா?"

"இல்ல. கணக்கு சரியாத்தான் இருக்கு."

ஹேரிம் மேலே ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். யூரான் வேலியின் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். சொல்லாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தாள் வாங்கிய சில ஆயிரம் பிள்ளைகள் மற்ற யாராலும் போட முடியாத கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். அவர்களில் ஜுனோவும் இருக்கலாம். அவனுக்கு அவளால் கொடுக்க முடிந்தது இத்தனை வருஷத்தில் அது ஒன்றுதான். சொன்னால், எங்கே பார்த்தாய் என்பார்கள். அவன் அனுப்பிய ஒரே ஒரு செய்தி விசாரணைக் காகிதமாகிவிடும். என்றைக்காவது ஒருநாள் அவனுக்கும் தெரியவரும். மறுபடி ஒரு தடவை, சரியாகப் போட்டிருந்த கணக்கை அம்மா அழிப்பானால் அழித்துவிட்டாள் என்று நினைப்பான். அப்புறம் புகைப்படமும் வராது, கரடியும் வராது.

கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் சரிபார்ப்புத் தலைவர் சோக்கின் அறைக் கதவைத் தட்டினாள். ஓய்வுபெறப் போகிற பேராசிரியர் அவர். எந்நேரமும் கழுத்தில் துண்டு. எதிரே கேள்வி எழுதிய ஹாம் உட்கார்ந்திருந்தார்.

"சார், இருபத்திரண்டை எடுத்துடணும்."

"தப்பா?"

"தப்பில்ல. நான் ஏற்கனவே ஒரு தடவை போட்டிருக்கேன்."

ஹாம் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தார். "எதையும் பாத்து எழுதல டீச்சர். சத்தியமா குளிச்சுக்கிட்டிருந்தப்போ தோணுனது."

"இன்னொருத்தனும் குளிச்சிருப்பான்," என்றார் சோக். "நீங்க உக்காருங்க டீச்சர். எங்க போட்டீங்க?"

சொன்னாள். அவர் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். நினைவிலிருந்து எழுதினாள். P-யில் இரண்டு, R-இல் கழித்தல் ஒன்று, சாய்வு அதே பூஜ்யம். ஹாம் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது விக்கற தாள் இல்லைன்னு சொல்றீங்க. உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"என் பையன் அனுப்பினான்."

ஹாம் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

"பையனுக்கு என்ன வயசு?"

"இருபது."

"இந்த வருஷம் எழுதறானா?"

"தெரியாது சார்."

"தெரியாது." துண்டை எடுத்து மடித்தார். "பெத்த பையன் பரீட்சை எழுதறானா இல்லையான்னு தெரியாது. இந்த நாட்ல அது பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூடத் தெரியுமே டீச்சர்."

குரூரமாகச் சொல்லவில்லை அவர். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

"நீங்க வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது."

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன்?"

"ஆன்தொங்ல என் வகுப்புல உக்காந்திருக்கற பொண்ணுங்ககிட்ட அந்தத் தாள் இல்ல."

அவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டியிருந்தார்கள், பார்க்க ஒன்றுமில்லை. பிறகு நடக்கப்போவதைச் சொன்னார். கேள்வியைத் தாளிலிருந்து எடுத்துவிடுவார்கள். ராத்திரிக்குள் புதிதாக ஒன்று எழுதுவார்கள். அதை அவள் பார்க்கக் கூடாது, இனி எந்தக் கேள்வியையும் பார்க்கக் கூடாது. ஆனால் பார்த்தவற்றைத் தலையில் வைத்திருப்பதால் வீட்டுக்கும் போக முடியாது. தேர்வு முடியும்வரை மேல்மாடியில் தனியாக ஓர் அறை. முடிந்த பிறகு விசாரணை. கையெழுத்துப் போட்ட உறுதிமொழிக்கு அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்; பள்ளி வரைக்கும் போகும். பையனையும் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

"அவன் தப்பு எதுவும் பண்ணல சார். கணக்கு தெரியலைன்னு அம்மாகிட்ட கேட்டான்."

"அதையே எழுதிக் குடுங்க. பேரையும் எழுதுங்க."

எழுதினாள். அவன் பெயரைக் கையால் எழுதி எத்தனையோ வருஷமாகியிருந்தது.

மேல்மாடி அறையில் நான்கு பேர் குடும்பம் தங்குவதற்கான எல்லாமும் இருந்தது. நான்கு கிண்ணம், சாப்பிட நான்கு ஜோடி குச்சி, குழந்தைக்கு ஒரு சிறிய மெத்தை. கீழே மற்றவர்கள் நடக்கும் சத்தமும் ஒருநாள் ஹேரிம் உரக்கச் சிரித்த சத்தமும் மேலே வந்தன. ஹேரிமிடம் யூரானுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருப்பார்கள்.

வேலை இல்லாத நேரம் எவ்வளவு நீளம் என்று அவளுக்கு இதற்கு முன் தெரியாது. வெறும் தாளில் அந்த வளைவையே வரைந்துகொண்டிருந்தாள். அதற்கு நடுவில் ஒரு புள்ளி உண்டு, வளைவு தன் வளைதலை மாற்றிக்கொள்ளும் புள்ளி. அதிலிருந்து நீ எவ்வளவு தள்ளி நின்று தொடுகோடு போட்டாலும், அது மறுபடி வெட்டும் இடம் எதிர்ப்பக்கம் இரண்டு மடங்கு தள்ளி இருக்கும். அங்கிருந்து போட்டால் இந்தப் பக்கம் நான்கு மடங்கு. ஒவ்வொரு சந்திப்பும் முந்தையதைவிடத் தொலைவில் போய் விழும். தாள் போதாமல் இன்னொரு தாளை ஒட்டினாள். நடுப்புள்ளியிலேயே நின்று போட்டால்? அப்போது கோடு வளைவை அந்த ஓரிடத்தில் மட்டும் ஊடுருவிப் போகும். அப்புறம் எங்கேயும் சந்திக்காது. பள்ளியில் இதை நூறு தடவை கற்றுக்கொடுத்திருக்கிறாள். விலகி நின்றால் தூரம் கூடிக்கொண்டே போகும், நடுவில் நின்றால் மறுபடி சந்திப்பே இல்லை. இது வெறும் வளைவு, இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் தாள்களைக் கிழித்துப் போட மனம் வரவில்லை.

தேர்வு நாள் காலையில் சமையலறைப் பெண்மணி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தேர்வுக்குப் போகிறவர்களுக்காகச் சாலையை விட்டு, நாட்டில் அலுவலகங்கள் தாமதமாகத் திறக்கும் காலை அது.

"இன்னிக்குக் கடல்பாசி சூப். வழுக்கிடும்னு பயப்படாதீங்க டீச்சர், எழுதப்போறது நாம இல்லையே." தேர்வு நாளில் அதைக் குடித்தால் தேர்விலும் வழுக்கிவிடும் என்பது அங்கே நம்பிக்கை. அவளே சிரித்துக்கொண்டாள். "சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு. என் மருமக கிம்ச்சிக்கு முட்டைக்கோஸ் வாங்கி வெச்சிருப்பா. போனதும் முதுகு ஒடியப்போகுது."

"நல்லாருக்குமே," என்றாள் யூரான்.

சோற்றைச் சாப்பிட்டாள். சூப்பைத் தொடவில்லை. பெண்மணி பாத்திரம் எடுக்க வந்தபோது அதைப் பார்த்தாள், பிறகு யூரானின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

கணக்குத் தேர்வு நடக்கும் நேரத்தில் யூரான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் எழுதுகிறானா என்று தெரியாது. எழுதினால் எந்த ஊரில், எந்தப் பள்ளியின் எந்த மேசையில் என்று தெரியாது. இருபத்திரண்டாவது கேள்வி என்னவென்றும் தெரியாது. முடிவு மணி அடிக்கும் நேரம் தாண்டிய பிறகுதான் எழுந்தாள்.

பொழுது சாய்ந்ததும் வேலியைத் திறந்தார்கள். பெயர் எழுதிய உறைகளில் கைப்பேசிகள் திரும்பி வந்தன. பேருந்து மலை இறங்கத் தொடங்கியபோது அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். "அப்பா வந்துட்டு இருக்கேன்டா." "குழந்தைக்குக் காய்ச்சலா, எப்போ, ஏன்டி யாரும் சொல்லல?" "சொல்ல முடியாதுல்ல, சரி சரி." இரண்டு இருக்கை முன்னால் ஹேரிம் அப்போதே சண்டையைத் தொடங்கியிருந்தாள், இடையில் திரும்பி யூரானைப் பார்த்து, கை அசைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கத்தினாள்.

யூரானின் கைப்பேசியில் பள்ளியிலிருந்தும் வங்கியிலிருந்தும் செய்திகள் ஏறி வந்தன. அவற்றுக்குக் கீழே முந்தின நாள் வந்தது ஒன்று. அம்மா, ஆஸ்திரேலியால சிக்னல் வந்தா கூப்பிடு.

நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அம்மா."

"சாப்டியா?"

"இன்னும் இல்ல. வந்துட்டியா? சத்தமா இருக்கு."

"பஸ்ல இருக்கேன்."

"ஆஸ்திரேலியா எப்படி இருந்துச்சு?"

"சத்தமே இல்லாம இருந்துச்சு."

அந்தப் பக்கம் சாலையில் வண்டிகள் போகும் ஓசை கேட்டது. எங்கேயோ வெளியில் நிற்கிறான்.

"அம்மா, நான் இன்னிக்குப் பரீட்சை எழுதினேன்."

மலைப்பாதையில் பேருந்து திரும்பியது. எதிர் வண்டியின் வெளிச்சம் எல்லார் முகத்திலும் பட்டுப் போனது.

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்," என்றாள்.

"நான்தான் சொல்லலையே. காலேஜ்ல லீவு போட்டேன். அப்பாவுக்கும் தெரியாது. மறுபடி ஊத்திக்கிச்சுன்னா யாருக்கும் தெரியாமலே போகட்டும்னு பாத்தேன்."

"கணக்கு எப்படி?"

"பரவால்ல. இருபத்திரண்டுதான் விட்டுட்டேன்." மூச்சை இழுத்து விட்டான். "நீ நாலு பக்கம் எழுதி அனுப்பினியே, அந்த மாதிரி ஒன்னு வரும்னு நெனச்சேன். அதைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் போடுவேன். வரல."

அவள் கைப்பேசியை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினாள். சில வாரத்தில் அவனைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அப்போது அவனுக்கே தெரிந்துவிடும். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

"ஜுனோ, அது ஏன் வரலைன்னு உனக்கு ஒருநாள் தெரியவரும். அப்போ உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனா கோபத்தோடயாவது எனக்கு ஃபோன் பண்ணு."

"என்னம்மா உளர்ற. என்னமோ கேள்வித்தாள நீயே எழுதின மாதிரி." சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு மெல்ல நின்றது. பேருந்து முழுவதும் பேசிக்கொண்டிருந்தது. வைத்துவிடுவான் என்று அவள் நினைத்தாள். காத்திருந்தாள். பேருந்து சுரங்கப்பாதை ஒன்றுக்குள் நுழைந்து வெளியே வந்தது, இணைப்பு அறுபடவில்லை.

"ஆஸ்திரேலியா," என்றான் கடைசியில், ரொம்பத் தாழ்ந்த குரலில்.

அவள் பதில் சொல்லவில்லை.

"சரி," என்றான். பிறகு ஏதோ காகிதம் மடிக்கும் ஓசை. "அப்போ இன்னிக்கு வந்த இருபத்திரண்டு உனக்குத் தெரியும்."

"தெரியாது. நெஜமா தெரியாது. அதை நான் பாத்ததே இல்ல."

"நெஜமாவா?"

"நெஜமா."

அவன் யோசிப்பது கேட்டது. குளிரில் கால் மாற்றி நின்றான்போல, செருப்பு தரையில் உரசியது. பிறகு படிக்கத் தொடங்கினான். ஒரு சார்பு, அதற்குள் ஒரு தொகையீடு, எல்லா x-க்கும் பொருந்தும் ஒரு சமன்பாடு. அவள் கைப்பேசி வந்த உறையைத் திருப்பி, முழங்காலில் வைத்து, அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். முழுவதையும் பார்த்தாள். விடை கண் முன்னால் வரவில்லை. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

"எனக்கும் ஒன்னும் தோணலடா," என்றாள். "நீ எதுவரைக்கும் போனே? மொதல்லேருந்து சொல்லு."

"ரெண்டு பக்கமும் வகையிட்டேன்."

"ஏன்?"

"வேற என்ன பண்றதுன்னு தெரியல."

அவள் அதை எழுதினாள்.

"சரி," என்றாள். "அப்புறம்?"